அரை அறைக்கு ஐந்து கிராம்

ஊர் இருந்ததோ இல்லையோ, ஒரு வீடு இருந்தது. வீட்டில் இரண்டு பேர். இரண்டு பேருக்கு இரண்டரை அறை. முழு அறைகள் இரண்டிலும் எந்தச் சண்டையும் இல்லை. அந்த அரை அறை இருக்கிறதே, அதில்தான் கதை இருக்கிறது. ம் கொட்டிக்கொண்டே கேளுங்கள். நான் மெதுவாகப் பேசுகிறவன். நடுவில் யாராவது குறுக்கே பேசினால் எனக்குக் கதை மறந்துபோகும். எங்கள் வீட்டில் அப்படிப் பாதியில் நின்றுபோன கதைகள் நிறைய.

மூன்றாவது மாடி. நடைவழியின் கோடியில், குளியலறைக்கும் வெளிச்சுவருக்கும் நடுவே மிஞ்சிப்போன இடத்துக்கு ஒரு கதவு போட்டு, அறை என்று பேர் வைத்துவிட்டார் கட்டிடம் கட்டியவர். ஒன்பதடிக்கு ஏழடி. ஒரு ஜன்னல். உள்ளே ஓடாத மின்விசிறி ஒன்று, காலி அட்டைப்பெட்டிகள், கால் ஆடும் மேஜை. நாலு வருடமாக அதை யாரும் சீந்தவில்லை. சென்ற மாதம் திடீரென்று இரண்டு பேருக்கும் ஒரே நாளில் அதன் மேல் காதல் வந்துவிட்டது.

என் ஆசை சின்னது. ஒரு சாய்வு நாற்காலி. மூடினால் மூடியபடியே இருக்கும் ஒரு கதவு. உள்ளே நான். அங்கே என்ன செய்வீர்கள் என்று கேட்காதீர்கள். ஒன்றும் செய்யாமல் இருப்பதற்குத்தான் மனிதனுக்குத் தனி அறை வேண்டியிருக்கிறது. வேலை செய்ய நடைவழி போதும்.

என் மனைவி பிசியோதெரபிஸ்ட். விழுந்தவர்களை எழுப்பி, எழுந்தவர்களை நடக்கவைத்து, நடக்கிறவர்களைப் படியேற்றுவது அவள் தொழில். மருத்துவமனையில் பகல் முழுக்க அதைச் செய்துவிட்டு, மாலையில் வீட்டிலேயே நாலு பேருக்குப் பயிற்சி கொடுக்கவேண்டும் என்பது அவள் திட்டம். சுவரில் ஒரு கம்பி, தரையில் ஒரு பாய், ஜன்னலோரம் ஒரு ஸ்டூல். அறையின் அளவை நூல் பிடித்து எடுத்தும் வைத்துவிட்டாள். நான் நாற்காலியின் அளவை எடுத்திருந்தேன். இரண்டும் ஒரே அறைக்குள் நுழையாது என்பதில் மட்டும் எங்களுக்குள் ஒற்றுமை.

என் தொழிலையும் சொல்லிவிடுகிறேன். பெண் பார்க்கப் போனபோது, மாப்பிள்ளை ஆராய்ச்சியில் இருக்கிறார் என்றுதான் என் வீட்டார் சொன்னார்கள். பொய்யில்லை. ஆராய்ச்சி நிலையத்தில்தான் இருக்கிறேன். அதன் கிடங்கில். அங்கே கிரியேட்டின் என்ற பொடியை வைத்து ஒரு சோதனை நடக்கிறது. வயதானவர்களில் பாதிப் பேருக்கு நிஜப் பொடி, பாதிப் பேருக்கு டம்மி. டம்மி என்றால் வெறும் மாவு, தண்ணீரில் சட்டென்று கரைகிற வகை. யாருக்கு எது போகிறது என்று கொடுக்கிறவருக்கும் தெரியாது, சாப்பிடுகிறவருக்கும் தெரியாது. எல்லாம் முடிந்த பிறகு, ஒட்டிவைத்த கவரைத் திறந்துதான் பார்ப்பார்கள். அந்தப் பொட்டலங்களை எண்ணி அடுக்குகிறவன் நான். விஞ்ஞானத்துக்கு இவ்வளவு பக்கத்தில் அடுக்குகிறவனைத் தவிர வேறு யார் இருக்கிறார்கள்?

ஒருநாள் கிடங்கு மேஜையில் கிரியேட்டினைப் பற்றி முப்பது பக்க ஆய்வுத் தொகுப்பு கிடந்தது. ஆரோக்கியம், நோய், உடற்பயிற்சி என்று மூன்று திசையிலும் இந்தப் பொடி என்னென்ன செய்கிறது என்று உலகமெங்கும் சோதித்ததைத் தொகுத்திருந்தார்கள். முதல் பக்கம் படித்தேன். தசையில் சேரும். உடனடி சக்தி தரும். வலு கூட்டும். அதோடு மூடிவிட்டேன். எனக்கு வேண்டியது முதல் பக்கத்திலேயே கிடைத்த பிறகு, மற்ற இருபத்தொன்பது பக்கத்தையும் தொந்தரவு செய்வது நாகரிகமாகத் தோன்றவில்லை.

அன்று மாலை வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் யோசனை. படியேறும்போது யோசனை முற்றிவிட்டது.

"அறை யாருக்குன்னு நாம சண்டை போட வேண்டாம். விஞ்ஞானம் சொல்லட்டும்," என்றேன்.

அவள் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். "விஞ்ஞானத்துக்கு நம்ம வீட்டு விலாசம் தெரியுமா?"

விளக்கினேன். இரண்டு டப்பா. ஒன்றில் கடையில் வாங்கிய நிஜப் பொடி, ஒன்றில் டம்மி. ஆளுக்கு ஒன்று. தினமும் ஐந்து கிராம், தண்ணீரில் கலந்து, இருபத்தெட்டு நாள். யாருடையது எது என்று யாருக்கும் தெரியாது. தொடக்கத்திலும் முடிவிலும் கைப்பிடியின் வலுவை அளப்போம். யாருக்குக் கூடியிருக்கிறதோ, அவருக்கு அறை.

"யாருக்குத் தெரியாது?" என்றாள்.

"ரெண்டு பேருக்கும்."

"டப்பாவில நிரப்பறது யாரு?"

"நான்தான். ஆனா கண்ணை மூடிக்கிட்டு."

"எது எதுன்னு கவர்ல எழுதி வைக்கணுமே. அதையும் கண்ணை மூடிக்கிட்டா?"

"எழுதறப்போ திறப்பேன். படிக்கறப்போ மூடிப்பேன்."

அவள் என்னை ஒரு நிமிடம் பார்த்தாள். நோயாளி எந்தக் காலில் நொண்டுகிறான் என்று பார்க்கிற பார்வை. பிறகு சம்மதித்துவிட்டாள். இவ்வளவு சுலபமாகச் சம்மதித்தாள் என்றால் எந்தப் புருஷனும் ஓடி ஒளிந்திருக்கவேண்டும். நான் ஓடவில்லை. வெற்றியின் வாசனை வருகிறது என்று நினைத்தேன். வெங்காயம்தான் வந்திருக்கிறது.

அவள் கேட்டது இரண்டே இரண்டு. ஆணின் கை இயல்பிலேயே பெரிது, ஆகவே யாருக்கு அதிகம் என்று பார்க்கக்கூடாது, யாருக்கு எவ்வளவு கூடியது என்றுதான் பார்க்கவேண்டும். அடுத்தது, கவர் மூன்றாம் ஆளிடம் இருக்கவேண்டும். பெருந்தன்மையோடு இரண்டையும் ஏற்றேன். என் பங்குக்கு நானும் ஒரு விதி எழுதினேன். இருபத்தெட்டு நாள் முடியும் முன்னே கவரைத் திறக்கச் சொல்கிறவர் தோற்றவர். அவளுக்கு அவசரம் அதிகம், பாதியில் திறக்கச் சொல்வாள் என்று கணக்குப் போட்டு எழுதிய விதி அது.

மூன்றாம் ஆள், முதல் மாடியில் இருக்கும் கோர்ட்டு அக்கா. நீதிமன்றத்தில் இருபது வருடமாகத் தட்டச்சு செய்கிறவர். வாயில் 'சரி' என்ற சொல் வராது. 'பதிவு செய்யப்பட்டது' என்றுதான் வரும். எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேஜைக்கு வந்து, மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டு, எந்த டப்பாவில் எது இருக்கிறது என்று தெரியாது என்று என்னைச் சத்தியம் பண்ணச் சொன்னார். பண்ணினேன். பதிவு செய்யப்பட்டது. என் மனைவி மருத்துவமனையிலிருந்து இரவலாகக் கொண்டுவந்த கருவியைப் பிடித்தோம். இரும்புக் கைப்பிடி, மேலே கடிகாரம் போல ஒரு முள். மூன்று முறை இறுக்கி, நல்லதை எடுத்துக்கொள்ளவேண்டும். எனக்கு முப்பத்துநாலு கிலோ. அவளுக்கு இருபத்தொன்பது.

இனி நான் செய்த திருட்டுத்தனத்தைச் சொல்லவேண்டும். உங்களிடம் மறைப்பானேன். நிரப்பும்போது நான் கண்ணை மூடவில்லை. நீலச் சீட்டு ஒட்டிய டப்பாவில் நிஜம். சிவப்புச் சீட்டில் மாவு. அவள் சிவப்பை எடுக்கவேண்டும். எப்படி எடுக்கவைப்பது? நான் கிழக்கு என்றால் அவள் மேற்கு என்பாள். இது எந்த நிலையமும் செய்யாத, நான் ஒருவனே வீட்டில் இருந்து செய்த நாலு வருட ஆராய்ச்சியின் முடிவு. ஆகவே நீல டப்பாவை அவள் பக்கம் நகர்த்தி, "நீ முதல்ல எடுத்துக்கோம்மா. இந்த நீலம் உனக்கு," என்றேன்.

அவள் நீலத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "வேண்டாங்க. நான் சிவப்பே எடுத்துக்கறேன்," என்றாள்.

அன்று ராத்திரி நான் நன்றாகத் தூங்கினேன்.

முதல் வாரம் ராஜபோகம். காலையில் ஒரு கரண்டி பொடியைத் தண்ணீரில் போட்டுக் கலக்குவேன். என்ன கலக்கினாலும் டம்ளரின் அடியில் மணல் மாதிரிக் கொஞ்சம் தங்கும். அதையும் விடாமல் விரலால் வழித்து, நறநறவென்று மென்று விழுங்குவேன். வலு வீணாகக்கூடாது அல்லவா. அவளுடையது பளிச்சென்று கரைந்துவிடும். பாவம், மாவு. ஒரே மடக்கில் குடித்துவிட்டு வேலைக்கு ஓடுவாள்.

எட்டாம் நாள் எடைக்கருவியில் ஏறினேன். ஒன்றரைக் கிலோ கூடியிருந்தேன். கண்ணாடிக்கு முன்னால் சட்டையைக் கழற்றி நின்றேன். தோளில் ஒரு மேடு. அது நேற்று இல்லை. சமையலறைக்குப் போய்க் கையை மடக்கி நீட்டி, தொட்டுப் பார்க்கச் சொன்னேன். என் மனைவி இரண்டு விரலால் தொட்டாள். தொழில்காரி அல்லவா, சுற்றளவே எடுத்துவிட்டாள்.

"நல்லா இருக்குங்க," என்றாள்.

"உனக்கு எவ்வளவு கூடியிருக்கு?"

"எனக்கு ஒண்ணும் கூடலை. அப்படியேதான் இருக்கேன்."

பரிதாபமாக இருந்தது. ஜன்னலோரம் நாற்காலியைப் போட்டால் காற்று வருமா, அல்லது கதவோரம் போட்டால் தூங்க வசதியா என்று அன்று முழுவதும் யோசித்தேன். கிடங்கில் பெட்டி தூக்கும் வேலையை அடுத்த மேஜைக்காரரிடம் தள்ளினேன். வலுவைச் சேர்த்து வைக்கவேண்டும், சில்லறைத்தனமாகச் செலவழிக்கக்கூடாது என்பது என் சித்தாந்தம். வீட்டிலும் அப்படியே. படியேறினால் சக்தி கரையும் என்று, மேலே கொண்டுவரவேண்டிய சாமானையெல்லாம் அவளிடமே விட்டுவிட்டேன். ஆட்சேபிக்காமல் தூக்கினாள். மாவு சாப்பிடுகிறவளுக்கு இவ்வளவு உற்சாகம் எங்கிருந்து வருகிறது என்று யோசித்திருக்கலாம். யோசனைக்கும் சக்தி செலவாகுமே.

பத்தொன்பதாம் நாள் வந்தது வினை. நிலையத்தில் ஊழியர்களுக்கு வருடத்துக்கு ஒருமுறை இரத்தம் எடுத்துப் பார்ப்பார்கள். எனக்கு வந்த சீட்டில் எல்லா வரியும் கறுப்பு, ஒரு வரி மட்டும் சிவப்பு. கிரியேட்டினின், அதாவது சிறுநீரகம் வெளியேற்றுகிற கழிவு, கொஞ்சம் அதிகம். அடியில் 'சிறுநீரகம்: டாக்டரைப் பார்க்கவும்' என்று எழுதியிருந்தது. சீட்டைக் கீழே போட்டுவிட்டேன். முப்பத்துநாலு கிலோ பிடிக்கிற கை.

என் மனைவி சீட்டை வாங்கிப் பார்த்தாள். அவள் முகத்தில் சிரிப்பும் இல்லை, கவலையும் இல்லை. கைப்பையை எடுத்துக்கொண்டு, "வாங்க போகலாம்," என்றாள். வழி நெடுக என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. அறையை அவளுக்கே விட்டுக்கொடுத்துவிடலாம் என்றுகூட அரை நிமிடம் தோன்றியது. நல்ல வேளையாக டாக்டர் வீடு வந்துவிட்டது.

டாக்டர் சீட்டைப் படித்தார். வயது கேட்டார். கால் வீக்கம் உண்டா, குடும்பத்தில் யாருக்காவது உண்டா என்று கேட்டார். எதுவும் இல்லை. பிறகு பேனாவை மூடிவைத்து, "உடம்பு ஏத்தற பொடி ஏதாவது சாப்பிடறீங்களா? கிரியேட்டின் மாதிரி?" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் என் மனைவி திறந்தாள். "ஒரு பொடி சாப்பிடறார் டாக்டர். ஆனா அது நிஜமா டம்மியான்னு அவருக்குத் தெரியாது. தெரியாதுன்னு சத்தியமே பண்ணியிருக்கார். அப்படித்தானேங்க?"

"அப்படித்தான்," என்றேன்.

"அட, அது தெரிஞ்சா விஷயம் சுலபமாச்சே," என்றார் டாக்டர். "கிரியேட்டின் உடம்புக்குள்ள போனா, அதுல கொஞ்சம் கிரியேட்டினினா மாறி வெளியேறும். அதனால இந்த எண் சும்மா கொஞ்சம் ஏறித் தெரியலாம். சிறுநீரகத்துக்கும் அதுக்கும் சம்பந்தமே இருக்காது. நீங்க சாப்பிடறது நிஜம்னா அனேகமா கவலையே இல்ல. டம்மின்னா, ஏன் ஏறிச்சுன்னு பார்க்கணும்."

எனக்கு உயிர் திரும்ப வந்தது. நான் சாப்பிடுவது நிஜம். சத்தியமாக நிஜம். என் கையால் நிரப்பிய நிஜம். எனக்கு ஒன்றுமில்லை. எழுந்து நின்று ஆடலாம் போல இருந்தது. அடுத்த நொடியே உட்கார்ந்துவிட்டேன். இதை நான் எப்படிச் சொல்வது? சொன்னால் திருடன். சொல்லாவிட்டால் நோயாளி.

"அந்தக் கவரைத் திறந்துடுங்களேன்," என்றார் டாக்டர்.

"திறக்கச் சொன்னா தோத்ததா அர்த்தம்னு இவரே விதி எழுதி வெச்சிருக்கார் டாக்டர். இன்னும் ஒம்போது நாள் இருக்கு. உங்களுக்குத் திறக்கணுமாங்க?"

டாக்டரும் அவளும் என்னைப் பார்த்தார்கள். சுவரில் மாட்டியிருந்த சிறுநீரகப் படமும் பார்த்தது. ஒன்பதடிக்கு ஏழடி என் கண் முன்னால் வந்து நின்றது.

"நான் டாக்டர்கிட்ட ஒரு நிமிஷம் தனியாப் பேசலாமா?" என்றேன்.

"என்கிட்ட சொல்ல முடியாத வியாதியா?" என்றாள். குரல் கொஞ்சம் தழுதழுத்தது. எனக்கு இன்றுவரை அந்தத் தழுதழுப்பின் மேல் சந்தேகம் உண்டு.

"வேண்டாம், ஒண்ணுமில்ல. ஒம்போது நாள்தானே. விதின்னா விதி," என்றேன்.

டாக்டர் தோளைக் குலுக்கினார். அவசரமில்லை, பொடியை நிறுத்துங்கள், ஒன்பது நாள் கழித்து மறுபடி பார்க்கலாம் என்றார். அதுவரை மாமிசம் வேண்டாம், உப்பைக் கொஞ்சம் குறைக்கலாம், பளு தூக்கவேண்டாம் என்றும் சொன்னார். சொன்னது மூன்றே வரி. வீட்டுக்கு வந்து சேர்வதற்குள் என் மனைவி அதைப் பதினேழு வரியாக வளர்த்திருந்தாள். எனக்கு ஒரே ஒரு ஆறுதல். தசையில் ஏற்கெனவே சேர்ந்த பொடி சில வாரம் அங்கேயேதான் இருக்கும் என்று கிளம்பும்போது டாக்டர் சொன்னார். அதைப் பிடித்துக்கொண்டு படியேறினேன். அவள் என்னைப் பிடித்துக்கொண்டாள், நோயாளி என்று.

உலகத்தில் தனக்கு வியாதி இருப்பதை மறைக்கிறவர்கள் உண்டு. வியாதி இல்லாததை மறைத்தவன் நான் ஒருவன்தான்.

காலையில் வேகவைத்த பூசணி. மதியம் வேகவைத்த சுரைக்காய். மாலையில், மாறுதலுக்காக, இரண்டையும் சேர்த்து வேகவைத்தது. உப்பைக் கொஞ்சம் குறைக்கச் சொன்னார் டாக்டர். அவள் உப்பு டப்பாவையே தூக்கி மேல் அலமாரியில் வைத்துவிட்டாள். நான் எட்டி எடுக்கக்கூடாது, நோயாளி. எனக்கு எதிரே உட்கார்ந்து அவள் பொரித்த முட்டை சாப்பிட்டாள். அதன் மேல் மிளகுத்தூள் தூவும்போது, "உங்களை வெச்சுக்கிட்டு சாப்பிடவே மனசு வரலைங்க," என்றாள். மனசு வராமலே இரண்டு சாப்பிட்டாள்.

என்னை எதையும் தொடவிடவில்லை. ஊறுகாய் மூடியை அவளே திறந்தாள். தண்ணீர்க் குடத்தை அவளே தூக்கினாள். ஏதோ ஒரு வேகம் வந்து வீட்டில் உள்ள விரிப்புகள், திரைச்சீலைகள் எல்லாவற்றையும் நனைத்து, தினமும் நாலு நாலாகக் கையாலேயே பிழிந்தாள். பிழிகிறபோது மணிக்கட்டு நரம்பு தெரியும். நான் பார்த்துக்கொண்டு படுத்திருந்தேன். நடுவில் ஒருநாள் மனசாட்சி உறுத்தி, நான் கொஞ்சம் பிழிகிறேனே என்றேன்.

"பளு தூக்கக்கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார். பேசாம படுங்க."

"ஈரத்துணி பளுவா?"

"ஈரமானா எல்லாம் பளுதான்."

படுத்தேன். ஒருவிதத்தில் அதிர்ஷ்டம் என்றுதான் நினைத்தேன். சேர்த்துவைத்த சக்தி ஒரு துளி சிந்தாமல் அப்படியே உள்ளே இருக்கிறது. அவள் இருந்ததையெல்லாம் துணியில் பிழிந்து வீணாக்குகிறாள். பூசணியை விழுங்கும்போதெல்லாம் சாய்வு நாற்காலியை நினைத்துக்கொண்டேன். இறங்கிவிட்டது.

இருபத்தெட்டாம் நாள், விடுமுறை. கோர்ட்டு அக்கா கவரோடு மேலே வந்தார். வீட்டிலிருந்தே பேனாவும் கொண்டுவந்திருந்தார். முதலில் என் முறை. கருவியைக் கையில் வாங்கி, பல்லைக் கடித்து, கண்ணை இறுக்கி, ஒன்பதடி ஏழடியை நினைத்து இறுக்கினேன். முப்பத்திரண்டு. கருவி பழசு என்றேன். இரண்டாம் முறை முப்பத்துமூன்று. மூன்றாம் முறை முள் என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு முப்பத்தொன்றில் உட்கார்ந்தது.

"சிறந்தது முப்பத்துமூன்று. முன்பு முப்பத்துநாலு. குறைவு, ஒன்று," என்றார் அக்கா.

"வியாதிக்காரன் கை," என்றேன்.

என் மனைவி தலைமுடியை முடிந்துகொண்டாள். கருவியைக் கதவுக் கைப்பிடியைப் பிடிப்பது போலச் சாதாரணமாகப் பிடித்தாள். ஒரே இறுக்கு. முப்பத்திரண்டு. அடுத்த இரண்டு முறையும் வேண்டுமா என்று அக்காவைக் கேட்டாள். அக்கா தேவையில்லை என்றார். கூடுதல், மூன்று. பதிவு செய்யப்பட்டது.

கவர் திறந்தது. என் கையெழுத்து. நீலம், நிஜம். சிவப்பு, டம்மி. அக்கா அதைச் சத்தமாக, நீதிமன்றத்தில் தீர்ப்பு படிக்கிற குரலில் படித்தார். நான் கடைசித் துருப்பை எடுத்தேன். டம்மி சாப்பிட்டவளுக்கு வலு கூடி, நிஜம் சாப்பிட்டவனுக்குக் குறைந்தது என்றால், இந்தச் சோதனையில் எங்கோ கோளாறு. இது செல்லாது. முதலிலிருந்து நடத்தவேண்டும்.

"கோளாறெல்லாம் இல்லைங்க," என்றாள் என் மனைவி. "பொடி தனியா ஒண்ணும் பெரிசா செய்யாது. உடம்பு வேலை செஞ்சா, அதுக்குக் கூடக் கை கொடுக்கும். அவ்வளவுதான். எங்க படிப்புல இது பாலபாடம். நீங்க வேலை செய்யவே இல்லையே. உடம்புக்குப் போடற பொடிய நாற்காலிக்குப் போட்டுட்டீங்க."

"என் எடை கூடிச்சே. தோள்ல மேடு வந்ததே."

"அது தண்ணி. பொடி போனா தசையில தண்ணி சேரும். மேடு, நீங்க மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிட்டு நின்னதால வந்தது."

அக்கா எழுதுவதை நிறுத்தவில்லை. இதையும் பதிவு செய்கிறார் என்று எனக்குச் சந்தேகம்.

எனக்கு அப்போதுதான் பொறி தட்டியது. "அப்ப நான் நிஜம்தான் சாப்பிடறேன்னு உனக்கு முன்னாடியே தெரியுமா?"

"நாலு வருஷத்துல நீங்களா எதையும் எனக்கு முதல்ல நீட்டினதில்ல. நான் வேண்டாம்னு சொல்லுவேன்னு தெரிஞ்சே நீலத்தை நீட்டினீங்க. அப்பவே எது எதுன்னு தெரிஞ்சுபோச்சு. உங்க டம்ளர் அடியில மணல் தங்கினப்போ உறுதியாச்சு. எட்டாம் நாள் எடையோட முடிஞ்சுது."

"தெரிஞ்சுமா சிவப்பை எடுத்தே?"

"எடுத்தேன். உங்களை ஜெயிக்க மாவே போதும்னு தோணிச்சு."

 ஒன்பது நாள் சுரைக்காய் அப்போதுதான் ஞாபகம் வந்தது.

"அப்ப அந்த ரத்தச் சீட்டு? எனக்கு ஒண்ணுமில்லன்னு அன்னிக்கே உனக்குத் தெரியும்."

"சீட்டைப் பார்த்ததுமே தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டுமா என்னை ஒம்போது நாள் உப்பில்லாம போட்டே?"

"நீங்க எதைச் சாப்பிடறீங்கன்னு உங்களுக்குத் தெரியாதேங்க," என்றாள், பரம சாதுவாக. "சத்தியம் பண்ணின மனுஷன். நான் சொல்லிட்டா உங்க சோதனை கெட்டுப்போயிடாதா?"

அக்கா பேனாவை மூடினார். என்னைப் பார்த்தார். இருபது வருடத்தில் எத்தனையோ பொய்ச் சத்தியங்களைத் தட்டச்சு செய்த கண். "பதிவு செய்யப்பட்டது," என்று சொல்லிவிட்டுக் கீழே போனார்.

மறுநாள் இரத்தம் கொடுத்தேன். எண் இறங்கியிருந்தது. டாக்டர் சிரித்தார், கவரில் என்ன இருந்தது என்று கேட்டார். சொன்னேன். நீங்கள் ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்கிறவரா என்று மறுபடி ஒருமுறை உறுதிப்படுத்திக்கொண்டார்.

அந்த வாரமே அறைக்குள் கம்பி ஏறியது. பாய் விரிந்தது. அட்டைப்பெட்டிகளை நான்தான் மூன்று மாடி இறக்கினேன்; எனக்குத்தான் இப்போது வியாதி இல்லையே. மாலை ஆறு மணிக்கு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். இடுப்பு எலும்பு முறிந்து தேறிவரும் ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. தோள் தூக்க முடியாத பேருந்து ஓட்டுநர். கைத்தடியோடு ஒரு தையற்காரர். நடைவழியில் வரிசையாக உட்கார்ந்து, நான் யார் என்று ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டார்கள். தையற்காரர் என் கையைப் பார்த்து, எத்தனை நாளாக இப்படி என்று அனுதாபத்தோடு விசாரித்தார்.

நாலாவது இடம் காலியாக இருந்தது. ஒரு கிலோ குறைந்த கையைத் திரும்ப ஏற்றவேண்டும் என்று வெட்கத்தை விட்டுக் கேட்டேன். தாராளமாக வாங்க, வரிசையில் உட்காருங்கள் என்றாள். உட்கார்ந்தேன். கதவு மூடியது. மூடினால் மூடியபடியே இருக்கிற கதவுதான் அது. நான் நினைத்தது சரி. உள்ளே எண்ணுகிற சத்தம், சிரிப்பு, மறுபடி எண்ணுகிற சத்தம். தலைமையாசிரியை வந்து போனார். ஓட்டுநர் போனார். தையற்காரர் உள்ளே போன பிறகு, தண்ணீர் குடிக்க ஒரு நிமிடம் எழுந்து சமையலறைக்குப் போனேன். மேல் அலமாரியில் உப்பு டப்பா கண்ணில் பட்டது. எட்டி எடுத்து, ஒரு சிட்டிகை நாக்கில் வைத்துக்கொண்டு, கண்ணை மூடி நின்றுவிட்டேன். ஒன்றல்ல, ஐந்து நிமிடம் ஆகியிருக்கலாம்.

திரும்பி வந்தபோது தையற்காரர் தடியைத் தட்டிக்கொண்டு படியிறங்கிக்கொண்டிருந்தார். என் மனைவி விளக்கை அணைத்து, கதவைப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகினாள்.

"நேரம் முடிஞ்சுபோச்சுங்க. நாளைக்குச் சீக்கிரம் வந்து உட்காருங்க," என்றாள். கையில் இருந்த நோட்டில் என் பெயருக்கு நேரே 'வரவில்லை' என்று எழுதிக்கொண்டே நடந்து போய்விட்டாள்.